கரண்ட் கேள்வி பதில்: மப்பு நாளில வீட்டுச் சாமான் ஏன் சண்டித்தனம் பண்ணுது?

ஐப்பசி பிறந்து மப்பு போட்டாக் காணும், எனக்கு வாற கடிதத்தில பாதி கரண்ட்டப் பத்தித்தான். இந்த முறை வந்ததில முக்கால்வாசி ஒரே சந்தேகம். வெயில் இல்ல, மன்னார்ப் பக்கம் காத்தும் விழுந்திட்டு, அதால கரண்ட்டின்ட தரம் குறைஞ்சு எங்கட பிரிட்ஜும் டிவியும் பழுதாகுது எண்டு கன பேர் நம்பினம். திருகோணமலையில இருபது வருசத்துக்கு மேல வீடு வீடா வயரிங்கும் ரிப்பேரும் செய்யிற ஆள் நான், இதுக்கு ஒரு வரியில ஓம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாவே எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

உப்புவெளி வாசகி: அண்ணை, நாலு நாளா வெயிலே இல்ல. பின்னேரம் ஏழு மணியானா பிரிட்ஜ் முனகுது, டக் எண்டு நிக்குது, கொஞ்சத்தால திரும்ப முனகுது. லைட்டும் மங்கல். மகன் கெம்பஸ்ல படிக்கிறவன், சோலாரும் காத்தாடியும் ஓடாத நாளில நாட்டுக் கரண்ட்டே பலமில்லாமத்தான் வரும் எண்டு சொல்றான். உண்மையா?

தங்கச்சி, மகனிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ. கொளுத்திற வெயில் அடிச்ச நாளில மட்டும் ராவு ஏழு மணிக்கு சோலார் வேலை செய்யுதா? இல்லத்தானே. அப்ப ஏழு மணிக்கு உங்கட வோல்டேஜ் விழுறதுக்கு மப்பு நேரடிக் காரணமா இருக்க ஏலாது. காத்துக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மன்னார்ல கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடிகள் நல்லாச் சுத்துறது மே தொடங்கி செப்டெம்பர் வரையில சோளகத்தில, ஐப்பசி கார்த்திகையில அது குறையிறது வருசா வருசம் நடக்கிற விசயம், அந்த நேரம் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் எண்ணெய் மெசினும் அணைக்கட்டுத் தண்ணியும் அந்த இடத்த நிரப்பும். நிரப்ப ஏலாமப் போனா என்ன நடக்கும் எண்டு 2022 மார்ச் கடைசியில பார்த்தம் தானே, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட்டே இல்லாமக் கிடந்தம். அது நிப்பாட்டினது. மெல்லிசாக்கி அனுப்பினது இல்ல. நாட்டுக்குக் கரண்ட் காணாட்டி முறை வச்சு வெட்டுவினம், உங்கட வீட்டுக்கு மட்டும் 190 வோல்ட்டா அனுப்ப மாட்டினம்.

இதில ரெண்டு சாமானை ஆக்கள் ஒண்டாக் கலந்து போடுறினம். ஒண்டு ஹேர்ட்ஸ், அதாவது கரண்ட்டின்ட அலை ஒரு செக்கனில எத்தினை தரம் ஆடுது எண்ட கணக்கு, 50 ஹேர்ட்ஸ், அது இலங்கை முழுக்க ஒண்டுதான், உப்புவெளியிலயும் மாத்தறையிலயும் ஒரே நேரத்தில ஒரே அளவு. உற்பத்தி குறைஞ்சா முதல்ல ஆடுறது அதுதான். மற்றது வோல்டேஜ், 230 வோல்ட், அதுக்குக் கூடக்குறைய 6 வீதம் விடலாம், அதாவது 216 தொடங்கி 244 வரைக்கும். இந்த வோல்டேஜ் உங்கட ட்ரான்ஸ்போமர் எங்க நிக்குது, அதில இருந்து லைன் எவ்வளவு தூரம் இழுத்திருக்கு, அந்த லைன்ல எத்தினை வீடு, மூட்டு எப்பிடி இருக்கு எண்டதுகளில தங்கியிருக்கு. உங்கட ஒழுங்கையில 190, அடுத்த ஒழுங்கையில 228 எண்டு இருக்கலாம். ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் எல்லா வீட்டிலயும் லைட், டிவி, ரைஸ் குக்கர், மோட்டர். லைன்ட கடைசி வீட்டுக்காரர்தான் பாவம்.

வோல்டேஜ் விழுந்தா ஏன் பிரிட்ஜ் முனகுது எண்டா, பழைய மாதிரிக் கம்ப்ரசரின்ட தள்ளுற பலம் வோல்டேஜோட சமனாக் குறையாது, வர்க்கமாக் குறையும். 180 வோல்ட் எண்டா பலம் 61 வீதம்தான் மிஞ்சும். அது சுத்தத் துவங்க ஏலாம நிண்டு கரண்ட்ட இழுக்குது, அதுதான் முனகல், சூடேறினதும் பக்கத்தில இருக்கிற ஓவர்லோட் வெட்டுது, அதுதான் டக், ஆறின பிறகு திரும்ப. இத ஒரு கிழமை விட்டு வச்சா கம்ப்ரசர் சுருள் எரிஞ்சு பிரிட்ஜ் விலையில அரைவாசி போயிடும். அதால முனகல் கேட்டா பிளக்கக் கழட்டிட்டு ராவு பத்தரைக்குப் பிறகு போடுங்கோ, மரக்கறி ஒண்டும் அந்த மூண்டு மணித்தியாலத்தில பழுதாகாது, கதவத் திறவாம விட்டாச் சரி.

அதுக்கு முதல் ஒரு சோதனை செய்யுங்கோ. பிளக்கில குத்தினா வோல்டேஜ் காட்டிற சின்ன மீட்டர் ஹாட்வெயார் கடையில இருக்கு. விடிய, மத்தியானம், ராவு ஏழு, பத்தரை எண்டு நாலு நேரம் பார்த்து கொப்பியில எழுதுங்கோ. பிறகு மத்தியானத்தில கேத்தல் போட்டு ஒருக்கா, போடாம ஒருக்கா. போன மாசம் லிங்கநகர்ல ஒரு வீட்டில இப்பிடித்தான் பார்த்தன். சும்மா இருக்கேக்க 221, 2000 வாட் கேத்தல் போட்ட உடன 198. பக்கத்து வீட்டில அந்த நேரம் ஒண்டும் அசையேல்ல. அப்ப அந்த 23 வோல்ட் எங்க போச்சு? போஸ்ட்ல இருந்து வீட்டுக்கு வாற வயர் சுவர்ல பிடிக்கிற இடத்தில ஒரு மூட்டு, மேல சுத்தின டேப் மண்ணிறமா வெந்து, கீழ செப்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்திச்சு. கடற்காத்து உப்பு வேலை. அந்த ஒரு மூட்டுக்குள்ள கிட்டத்தட்ட 170 வாட் சூடா எரிஞ்சுகொண்டு இருந்திருக்கு, கூரைத் தடிக்கு ஒரு சாண் தள்ளி. மழைக்கு ஈரம் ஊறினா இப்பிடி மூட்டு இன்னும் மோசமாகும், மப்பு நாளில கூடுது எண்டு நீங்கள் நினைக்கிறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். கேத்தலோட வோல்டேஜ் பத்துக்கு மேல விழுந்தா உங்கட பக்கத்து மூட்டு, எல்லா வீட்டிலயும் சேர்ந்து விழுந்தா லைன் பிரச்சினை. மீட்டருக்கு முன்னால உள்ளதில கை வைக்காதீங்கோ, மின்சார சபையின்ட 1987 நம்பருக்கு எடுத்து அந்தக் கொப்பிக் கணக்கச் சொல்லுங்கோ, நேரத்தோட அளவு சொன்னா வாறவங்களுக்கு எதத் தேடுறது எண்டு தெரியும்.

நிலாவெளி, சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்திறவர்: கூரையில 5 கிலோவாட் சோலார் போட்டிருக்கு. வெயில் நாளில மத்தியானம் இன்வேட்டர் வோல்டேஜ் கூட எண்டு காட்டி நிக்குது. மப்பு நாளில வோல்டேஜ் குறைஞ்சு ஏசி நிக்குது. கரண்ட் போனா சோலாரும் சேர்ந்து போகுது. இதுக்கா ஐயா காசு போட்டனான்?

தம்பி, உங்கட கோபம் நியாயம், விக்க வந்தவை இத முதலே விளக்கிச் சொல்லியிருக்க வேணும். மூண்டையும் ஒவ்வொண்டாச் சொல்றன்.

கரண்ட் வழமையா ட்ரான்ஸ்போமர்ல இருந்து உங்கட பக்கம் வருது, வர வர வோல்டேஜ் குறையும். மத்தியானம் உங்கட கூரை தாற கரண்ட் எதிர்ப்பக்கமாப் போக வேணும், அதத் தள்ளுறதுக்கு, சோலார் கரண்ட்ட வீட்டுக் கரண்ட்டா மாத்திற இன்வேட்டர் லைன்ல இருக்கிற வோல்டேஜ விடக் கொஞ்சம் கூட வைக்க வேணும். லைன் கடைசியில இருந்தா, பக்கத்து ரெண்டு ஹோட்டலும் சோலார் போட்டிருந்தா, ஆளுக்காள் ஏத்தி ஏத்தி எல்லை தாண்டும், உடன இன்வேட்டர் தானா விலகும், கொஞ்ச நிமிசத்தால திரும்பச் சேரும், திரும்ப விலகும். லைட் மத்தியானத்தில மூச்சு விடுற மாதிரிக் கூடிக் குறையுது எண்டு நிலாவெளி ரோட்டில நாலு பேர் சொல்லிட்டினம், காரணம் இதுதான். முதல்ல இன்வேட்டர்ல இருந்து மீட்டர் வரைக்கும் இழுத்த கேபிளப் பாருங்கோ, கன இடத்தில மெல்லிசு கேபிளத் தூரமா இழுத்து மிச்சம் பிடிச்சிருப்பினம், தடிப்பா மாத்தினா சில வோல்ட் இறங்கும். கிணத்து மோட்டர், வோஷிங் மெசின், அறை துப்பரவு எல்லாத்தையும் பதினொண்டுக்கும் ரெண்டுக்கும் இடையில வையுங்கோ, உங்கட கரண்ட்ட நீங்களே திண்டா லைனுக்குத் தள்ளத் தேவையில்ல. எல்லை அளவ செட்டிங்கில கூட்டி விடுறன் எண்டு ஆரும் வந்தா விடாதீங்கோ, அது உங்கட டிவிக்கும் பக்கத்து வீட்டு பிரிட்ஜுக்கும் சேர்த்து 250, 260 கொடுக்கிற வேலை.

மப்பு நாள் விசயத்தில, உப்புவெளித் தங்கச்சின்ட மகன் முழுப் பிழை இல்ல எண்டதை இங்க ஒத்துக்கொள்ள வேணும். மத்தியானம் வோல்டேஜ் கூடுது எண்டு முறைப்பாடு வந்தா ட்ரான்ஸ்போமர்ல வோல்டேஜக் கூட்டிக் குறைக்க டாப் எண்டு ஒரு படி இருக்கு, அத ஒரு படி இறக்கி விடலாம். இறக்கினா வெயில் நாளில சரி. சோலார் இல்லாத மப்பு நாளிலயும் ராவிலயும் கடைசி வீட்டுக்கு அந்தப் படியும் சேர்ந்து குறையும், அந்த டாப்ப ஆள் வந்து லைன நிப்பாட்டித்தான் மாத்தலாம், வெயிலுக்கு ஒருக்கா மப்புக்கு ஒருக்கா எண்டு மாத்த ஏலாது. ஆக உங்கட ஒழுங்கைக்குள்ள சோலார் கூடினா, சோலார் இல்லாத நாள் உண்மையாவே தெரியும். ஆனா அது உங்கட ட்ரான்ஸ்போமருக்குக் கீழ நடக்கிற விசயம், நாட்டுக் காத்தோட சம்பந்தமில்ல. வெயில் நாள் ரெண்டு, மப்பு நாள் ரெண்டு எண்டு அளந்து எழுதிக் கொண்டு போய்க் குடுங்கோ, ஒரே பேஸ்ல (லைன்ல கரண்ட் வாற மூண்டு கம்பியில ஒண்டில) எல்லாச் சோலாரையும் போட்டிருந்தா மற்றப் பேசுக்குப் பிரிச்சும் விடலாம்.

கரண்ட் போனா சோலார் நிக்கிறது பழுது இல்ல. போஸ்ட்ல ஏறி நிக்கிற மனிசனை உங்கட கூரைக் கரண்ட் அடிக்கக் கூடாது எண்டுதான் அப்பிடிச் செய்திருக்கு. ராவிலயும் கரண்ட் வெட்டிலயும் வேணும் எண்டா ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றறியும் தனியாப் போட வேணும்.

வெயில் இல்லாட்டித்தான் ஆபத்து எண்டு நினைக்கிற ஆக்கள் 2025 பெப்ரவரி 9ஐ ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், பதினொண்டரை போல நாடு முழுக்கக் கரண்ட் போச்சு. பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஒண்டு பட்டது எண்டு அமைச்சர் சொன்னவர். லீவு நாள் எண்டபடியா பாவனை குறைவு, கூரைச் சோலார் கூட, பாரமாச் சுத்திக்கொண்டு தாங்கிப் பிடிக்கிற பெரிய மெசின் கொஞ்சம்தான் ஓடினது, ஒரு அடி விழ ஹேர்ட்ஸ் சரிஞ்சு மொத்தமும் படுத்திட்டுது. நுரைச்சோலை திரும்ப ஓட நாள் கணக்கு எடுத்திச்சு, அதால பிறகு ஒண்டரை மணித்தியால வெட்டும் வந்தது. அந்த வருசம் சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு, 13 தொடங்கி 21 வரை, பின்னேரம் 3 மணி மட்டும் கூரைச் சோலார நிப்பாட்டி வையுங்கோ எண்டு கேட்டதும் அதே பயத்தில.

கிண்ணியா வாசகர்: போன கிழமை ராவு திடீரென்டு முன் ஹோல் லைட் பளீர் எண்டு எரிஞ்சிச்சு, அறை லைட் மங்கிச்சு. பத்து நிமிசத்தில டிவி, ரூட்டர், சார்ஜர் மூண்டும் போச்சு. மூண்டு பேஸ் வீடு. இடி மின்னலும் இல்ல. எப்பிடி சேர்?

நானா, இது நியூட்ரல் கழண்ட வேலை. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைஞ்சா அதுக்கு வேற அர்த்தம் தேடவே வேண்டாம். மூண்டு பேசுக்கும் பொதுவான திரும்பி வாற வயர் அது, அது இறுக்கமா இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு பேசுக்கும் 230. கழண்டிட்டுதெண்டா ரெண்டு பேசுக்கு நடுவில உள்ள 400 வோல்ட்ட உங்கட சாமான்கள் தங்களுக்குள்ள பங்கு போடும், சமனாப் போடாது. பெரிய லோட் இருக்கிற பக்கம் 100 எண்டு விழும், ஒரு டிவியும் ரூட்டரும் மட்டும் இருக்கிற பக்கம் 300க்கு மேல ஏறும். சார்ஜர், டிவிப் பின்னுக்கு 100 தொடங்கி 240 எண்டு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க, அதால குறைஞ்ச வோல்டேஜ் அதுகளுக்கு ஒரு பொருட்டில்ல, கூடினாத்தான் சாவு. கழட்டிப் பார்த்தா உள்ளுக்க பெரிய கெப்பாசிட்டர் மண்டை வீங்கி, மீன் அழுகினது போல ஒரு மணம் வரும். டிவி போர்ட் முழுக்க மாத்தச் சொல்லுவினம், உடன ஓம் எண்டாதீங்க, கன நேரம் பவர் பக்கத்து பியூஸும் வோல்டேஜ் கூடினாத் தான் அடி வாங்கிற அந்தச் சின்ன நீல வில்லையும்தான் போயிருக்கும், நூத்துக் கணக்கில முடியிற வேலை.

இனிமே அப்பிடி லைட் ரெண்டு விதமா எரிஞ்சா யோசிக்காம ஓடிப்போய் மெயின் சுவிட்ச விழுத்துங்க, பிறகுதான் மற்ற எல்லாம். உங்கட போர்ட்டில நியூட்ரல் பார் ஸ்க்ரூ எல்லாத்தையும் வயர்மேன் ஒருத்தர வச்சு இறுக்கிப் பார்க்க வேணும். அங்க சரி எண்டா போஸ்ட்ல. பக்கத்து வீடுகளிலயும் அண்டைக்கு சாமான் போச்சா எண்டு கேளுங்க, போயிருந்தா லைன் நியூட்ரல்தான், எழுத்தில முறைப்பாடு குடுங்க, எரிஞ்ச சாமானை எறியாதீங்க. வோல்டேஜ் கூடினாலும் குறைஞ்சாலும் தானா வெட்டிற ஒரு சின்ன ரிலே மூண்டு பேசுக்கும் போர்ட்டுக்குள்ளயே போடலாம், ஒரு டிவி விலைக்கு எத்தினையோ மடங்கு மலிவு.

தபால் கந்தோர் வீதி வாசகி: மைக்ரோவேவ் மணிக்கூடு மாசத்துக்கு ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் மாறுது. காத்தாடி நிண்டதாலயோ?

அக்கா, இதில ஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். சில அடுப்பு மணிக்கூடு கரண்ட்டின்ட அலைய எண்ணித்தான் நேரம் பார்க்குது. ஒரு நாள் முழுக்க 50க்குப் பதிலா 49.9 எண்டு ஓடினா அண்டைக்கே மூண்டு நிமிசம் பிந்தும். 2018 தொடக்கத்தில ஐரோப்பாவில கொசோவோ, சேர்பியா பக்கம் கரண்ட் குறைவா விட்டதால கண்டம் முழுக்க இப்பிடி மணிக்கூடுகள் கிட்டத்தட்ட ஆறு நிமிசம் பிந்தினது. அங்க காத்தும் காரணமில்ல, அந்த ரெண்டு பக்கத்துக்கும் இடையில தகராறு. உங்கட அடுப்புக்கு ஒரு பழுதும் இல்ல, நேரத்தத் திருப்பி வச்சா முடிஞ்சிச்சு.

உவர்மலை வாசகர்: வீட்டுக்கே ஒரு பெரிய ஸ்டெபிலைசர் போட்டா எல்லாப் பிரச்சினையும் தீருமா?

தீராது. 180ஐ 220 ஆக்கிறதுக்கு அது லைன்ல இருந்து இன்னும் கூடக் கரண்ட் இழுக்கும், ஒழுங்கையில எல்லாரும் போட்டா எல்லாருக்கும் இன்னும் விழும். அதோட டிவி, லெப்டொப், போன், எல்ஈடி லைட்டுக்கு அது தேவையே இல்ல. பழைய பிரிட்ஜுக்கு மட்டும் போடுங்கோ, அதுவும் பிரிட்ஜ் ஓடேக்க எடுக்கிற வாட்டப் பார்த்து வாங்காதீங்கோ, துவங்கேக்க அஞ்சாறு மடங்கு இழுக்கும், கடைக்காரனிட்ட அதக் கேட்டு வாங்குங்கோ. புது இன்வேட்டர் பிரிட்ஜ் எண்டா பின்னுக்கு ஒட்டின தாளில எத்தினை வோல்ட் வரைக்கும் தாங்கும் எண்டு இருக்கும், வாசிச்சுப் பாருங்கோ, கனதுக்கு வேண்டியிருக்காது. வேணும் எண்டா ஒண்டு போடுங்கோ: கரண்ட் திரும்ப வந்து மூண்டு அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு மட்டும் பிரிட்ஜுக்கு விடுற, பிரிட்ஜ் கார்ட் எண்ட சின்னப் பெட்டி. கரண்ட் போய்ப் போய் வாற நேரம்தான் கம்ப்ரசர் சாகுறது, வோல்டேஜ் சரியா இருந்தாலும்.

மூதூர் வாசகர்: எல்ஈடி பல்ப் நிப்பாட்டின பிறகும் மின்மினி மாதிரி எரியுது.

சுவிட்ச்சில சின்னச் சிவப்பு லைட் இருந்தா அதுதான், கழட்டி விடுங்கோ. இல்லாட்டி சுவிட்ச் பேஸ வெட்டாம நியூட்ரல வெட்டுது, அப்ப பல்ப் மாத்தேக்க ஹோல்டர்ல கரண்ட் அடிக்கும், உடன வயர மாத்திப் போடுங்கோ.

சம்பூர் மாணவி: எங்கட ஊர்ல 120 மெகாவாட் சோலார் வருது. வந்தா எங்கட வீட்டு வோல்டேஜ் நல்லா வருமா?

மகள், நல்ல கேள்வி. அதே சம்பூர்ல 500 மெகாவாட் நிலக்கரி எண்டு துவங்கி 2016ல கைவிட்ட இடம் அது, 2025 ஏப்ரல் 5ல இந்தியப் பிரதமர் இலங்கைக்கு வந்து நிக்கேக்க கொழும்பில இருந்தே சோலாருக்கு வேலை துவக்கி வச்சவை. அந்தக் கரண்ட் உங்கட ஒழுங்கை லைனுக்கு நேர வராது, பெரிய லைனால கிரிட்டுக்குப் போய்க் கலந்து, வேற ட்ரான்ஸ்போமரால திரும்பித்தான் உங்களிட்ட வரும். பகலில எரிக்கிற எண்ணெய் குறையும், அது நாட்டுக்குப் பெரிய உதவி, எங்கட மண்ணில அது வாறது எனக்குச் சந்தோசம். உங்கட வீட்டு 195 வோல்ட் 225 ஆகிறதுக்கு மட்டும் உங்கட ஊருக்கு இன்னொரு ட்ரான்ஸ்போமரும் தடிச்ச லைனும் வேணும், கிராம அபிவிருத்திச் சங்கத்தால அதத் தனியாக் கேட்டு எழுதுங்கோ.

தம்பலகாமம் வாசகர்: கரண்ட் போனா ஜெனரேட்டர ரெண்டு பக்கமும் பிளக் உள்ள வயரால சுவர் பிளக்கில குத்தி வீடு முழுக்க எடுக்கிறன். லைட் ஆடுது, யூபிஎஸ் எடுக்குதில்ல. என்ன செய்யலாம்?

தம்பி, லைட் ஆடுறது கிடக்கட்டும், அந்த வயர இண்டைக்கே வெட்டிப் போடுங்கோ. மெயின் சுவிட்ச ஒரு நாள் மறந்தீங்க எண்டா உங்கட 230 வோல்ட் போஸ்ட்டுக்குப் போய், ட்ரான்ஸ்போமரால தலைகீழா ஏறி 33,000 ஆகும், வயலுக்க அறுந்த லைனப் பிடிக்கிறவன் கருகிப் போவான். பிளக்கின்ட மற்றப் பக்கம் கம்பி வெளியில தெரியுது, உங்கட பிள்ளை தொட்டாலும் அதே கதிதான். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒண்டு வயர்மேனக் கொண்டு போடுவியுங்கோ, ஒரு பக்கம் லைன், மறுபக்கம் ஜெனரேட்டர், ரெண்டும் சேரவே ஏலாது. யூபிஎஸ் எடுக்காதது சின்ன ஜெனரேட்டர்ல ஹேர்ட்ஸ் நிலையா நிக்காதபடியா, லோட் இல்லாட்டி 52, 53 எண்டு ஓடும், மோட்டர் போட்டா விழும், யூபிஎஸ் அத நம்பாது. என்ஜின் ஸ்பீட நிமிசத்துக்கு 3000 சுத்துக்கு சரிபார்த்து வச்சு, முதல்ல ரெண்டு லைட்டும் பேனும் போட்டு, பிறகு யூபிஎஸ் குத்திப் பாருங்கோ. ஜெனரேட்டர விறாந்தையில வைக்காம வெளியில, யன்னல் இல்லாத பக்கம், கிணத்தடிக்கு அங்கால தள்ளி வையுங்கோ, அந்தப் புகையில உள்ள கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சுக் காத்துக்கு மணமே இல்ல, ஆளைக் கொல்லும், நித்திரையில இருக்கிற ஆக்களுக்குத் தெரியவும் வராது.